மூன்று டப்பாவும் ஒரு பட்டாணி மைக்கும்

வாழ்க்கையில் நான் சட்டென்று எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான். கல்யாணம். அதையும் அவள்தான் எடுத்தாள் என்று பிற்பாடு தெரிந்தது.

அதனால்தான் அந்த வியாழக்கிழமை காலை, பல் தேய்த்த கையோடு நான் சபதம் செய்தபோது வீடே திரும்பிப் பார்த்தது. வீடு என்றால் அவள் ஒருத்திதான்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிவு பண்ணிடறேன்."

"எதை?"

"எந்த மைக், எந்த ப்ரீ-ஆம்ப்னு."

"போன மாசமும் இதே சபதம்தான் பண்ணீங்க. அப்ப வாயில நுரை இருந்துச்சு. இப்ப இல்ல. அது ஒண்ணுதான் முன்னேற்றம்."

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தொழில் மைக் செட். மண்டபம், மைதானம், பள்ளிக்கூட ஆண்டுவிழா, எங்கே கூப்பிட்டாலும் போய் ஒலிபெருக்கி கட்டுவேன். இருபத்தெட்டு வருஷமாக ஊர்ப்பட்ட பேரைச் சத்தமாகப் பேச வைத்தவன். வீட்டில் மட்டும் என் குரல் தரையைவிட்டு எழும்பாது.

என் மனைவிக்குக் கதை படிக்கும் குரல். அவள் மளிகைச் சீட்டைப் படித்தாலும் அடுத்து என்ன வரும் என்று கேட்கத் தோன்றும். ஒலிப்புத்தகம் போடுகிற ஒரு கம்பெனி, "பத்து நிமிஷம் படித்து அனுப்புங்கள், பிடித்திருந்தால் தொடர்ந்து வேலை தருகிறோம்" என்று எழுதியிருந்தது. கடைசி நாள் திங்கட்கிழமை. கடிதம் வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வந்த அன்றைக்கே நான் மார்தட்டிச் சொல்லிவிட்டேன், மைக் செட்டுக்காரன் பெண்டாட்டி ஊரான் மைக்கில் பேசுவதா, நானே செய்து தருகிறேன் என்று.

செய்வதற்கு இடம் வேண்டுமே? பின்னறையைக் கேட்டேன். எட்டுக்குப் பத்து. ஒரே ஜன்னல். அதுவரை என் சாமான்களுக்கு வீட்டில் நிரந்தர முகவரி கிடையாது. ஸ்பீக்கர் கட்டிலுக்கு அடியில், ஒயர் குளியலறைப் பரணில், சால்டரிங் கம்பி ஸ்பூன்களோடு ஸ்பூனாக. பின்னறை கிடைத்த அன்று அத்தனையும் ஒன்று சேர்ந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்றரை மாதத்தில் ஒன்றல்ல, மூன்று மைக்குக்கு மூன்று ப்ரீ-ஆம்ப் செய்துவிட்டேன். முதல் வாரத்திலேயே முதலாவது தயார். ஆனால் அது ரொம்பச் சாதாரணமாக இருந்தது. நாலே நாலு உருப்படி, ஒரு சின்ன பேட்டரி. இதைப் போய் சர்க்யூட் என்று சொல்லிக்கொள்வதா என்று ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது செய்தேன். இரண்டாவதைக் கேட்டபோது முதலாவதே தேவலை போலிருந்தது. மூன்றாவது செய்தேன். பிறகு மூன்றையும் சுற்றிச்சுற்றி வந்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் நடக்கத் தோன்றும். காலில் வெந்நீர் கொட்டிக்கொண்டவன் மாதிரி அந்த எட்டுக்குப் பத்தில் நான் நடந்த தூரத்தை நீட்டிப் போட்டால் ஒரு தேசத்தைக் கடந்திருப்பேன்.

"அப்படி என்னதான் கஷ்டம் அதுல?" என்று அவள் வாசலில் நின்று கேட்டாள்.

"உனக்குப் புரியாது."

"புரியற மாதிரி சொல்லுங்க. இல்லேன்னா நாளைக்கு நானும் புரியாம இப்படித்தான் நடக்கணும்."

சொன்னேன். "மைக்லேர்ந்து வர்ற சத்தம் எறும்பு தும்மற அளவுதான். அதைத் தூக்கிவிடறதுக்குப் பேர்தான் ப்ரீ-ஆம்ப். ஆனா ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு குணம். இது டைனமிக். மேடையில பாடறவங்க வாய்கிட்ட வச்சுப்பாங்களே, அது. கரண்ட் எதுவும் கேக்காது. ஆனா வெளிய விடற சத்தம் ரொம்பக் கம்மி. ப்ரீ-ஆம்ப்தான் பல மடங்கு பெருக்கணும்."

"கிட்டப் போய்க் கத்தணும். அப்பவும் பாதிதான் உள்ள போகும். அதாவது நீங்க."

"இது கண்டென்சர். நுணுக்கமா எல்லாத்தையும் கேக்கும். ஆனா முதல்ல நாப்பத்தெட்டு வோல்ட் கொடுக்கணும். அதே ஒயர் வழியா."

"வந்தவுடனே உபசாரம் பண்ணணும். பண்ணினா மூணு வீடு தள்ளிப் பேசறதுகூடக் காதுல விழும். உங்க அக்கா."

"இது எலெக்ட்ரெட். பட்டாணி அளவுதான். உள்ளேயே ஒரு குட்டி டிரான்சிஸ்டர். பேட்டரியில ரெண்டு மூணு வோல்ட் வந்தாப் போதும்."

"ஒரு டம்ளர் டீயில நாள் பூரா வேலை செய்யும். அது நான். முடிஞ்சுதா? இதுக்கா ஒன்றரை மாசம்?"

ஆளைக் குத்துவதில் அவளுக்கு இணை கிடையாது. எனக்கு ரோஷம் வந்தது.

"இது காதால முடிவு பண்ற விஷயம். உன்னை மாதிரி வாயால இல்ல."

"சரி, காதாலயே பண்ணுங்க. ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். இல்லேன்னா சாமானை எல்லாம் எடுத்துட்டு ரூமைக் காலி பண்ணுங்க. நான் அங்க உக்காந்து படிச்சுக்கறேன்."

அங்கேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"நீ உள்ள கதவைச் சாத்திட்டு மூணு மைக்லயும் மாத்தி மாத்திப் படி. நான் ஹால்ல ஹெட்ஃபோன் போட்டுக்கிட்டு எது எதுன்னு சொல்றேன். எது ஒசத்தின்னும் சொல்றேன். ஒண்ணு தப்பினாலும் ரூம் உனக்கு. மூணும் சரின்னா இந்த ஜென்மத்துக்கும் ரூம் எனக்கு."

"சரி," என்றாள்.

அவ்வளவுதான். ஒரு "ஆனா" இல்லை, ஒரு "அதெப்படி" இல்லை. அவள் இப்படிச் சட்டென்று சரி சொன்னால் அதில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது வெட்கத்தைவிட்டு ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த மூன்று மைக்கும் என் காதுக்கு ஒரே மாதிரிதான் கேட்டன.

இருபத்தெட்டு வருஷம் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றதன் கூலி. தடித்த சத்தமெல்லாம் கேட்கும். கடகட, தடதட, லாரி, இடி, எல்லாம் சுத்தம். மெல்லிசான, கூர்மையான சத்தங்கள்தான் ஒவ்வொன்றாக விடைபெற்றுப் போய்விட்டன. மைக்குக்கு மைக் வித்தியாசமே அந்தக் கூர்மையில்தான் இருக்கிறது. ஒன்றரை மாதமாக நான் முடிவெடுக்க முடியாமல் நடந்ததன் ரகசியம் இதுதான். யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. மைக் செட்டுக்காரனுக்குக் காது போச்சு என்று ஒரு மண்டபத்தில் தெரிந்தால் போதும், ஒரு பயல் கூப்பிட மாட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் மேல்வீட்டுப் பல் டாக்டரைப் பிடித்தேன். மறுநாள் பரீட்சைக்கு ஒரு சாட்சி வேண்டும். அதைவிட முக்கியம், மனதில் இருப்பதைக் கொட்ட ஓர் ஆள் வேண்டும். வெடித்துவிடுவேன் போலிருந்தது. டாக்டர் என்னைச் சவுண்டு என்றுதான் கூப்பிடுவார்.

"காது கேக்கலேன்னு வீட்ல சொல்லிடலாமே, சவுண்டு."

"மைக் செட்டுக்காரன் காது கேக்கலேன்னு சொன்னா, பல் டாக்டருக்குப் பல் இல்லேன்னு சொல்ற மாதிரி இருக்காதா?"

டாக்டர் பட்டென்று வாயை மூடிக்கொண்டார். அவருக்கு மேல்வரிசை கட்டுப்பல் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அப்ப நாளைக்கு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" என்றார், உதட்டை அதிகம் பிரிக்காமல்.

"அங்கதான் இருக்கு தந்திரம். டைனமிக் மைக்குக்கு பிஸ்கட் டப்பாவுல சர்க்யூட் வச்சிருக்கேன். அதுல எர்த் ஒயரைக் கொஞ்சம் தளர்த்தி விட்டுட்டேன். ம்ம்ம்னு ஒரு இரைச்சல் வரும். தடித்த சத்தம், எனக்கு நல்லாக் கேக்கும்."

"அடேங்கப்பா."

"கண்டென்சருக்குப் பால்பவுடர் டப்பா. நாப்பத்தெட்டு வோல்ட் சுவிட்சைப் போட்டா டொக்குனு ஒரு அடி விழணும். விழற மாதிரி பண்ணிட்டேன். பட்டாணி மைக்குக்கு பட்டன் டப்பா. அதுல ஒண்ணுமே வராது. ம்ம்ம்னா டைனமிக், டொக்குனா கண்டென்சர், சும்மா இருந்தா பட்டாணி."

"வீட்ல அவங்களுக்குத் தெரிஞ்சா?"

"எப்படித் தெரியும்? தெரிஞ்சது உலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான். நீங்க வாயைத் திறக்காம இருந்தாச் சரி."

"என் தொழில்ல நான் எதுக்கு வாயைத் திறக்கணும்? மத்தவங்கதான் திறப்பாங்க," என்றார் டாக்டர். நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏழு மணியிலிருந்தே சட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஹாலில் நாற்காலி, மேஜை, ஆம்ப்ளிஃபயர், ஹெட்ஃபோன். பின்னறைக் கதவுக்கு அடியில் ஒரே ஒரு ஒயர். அவள் அதை டப்பா மாற்றி டப்பா செருக வேண்டும். டாக்டர் ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நடுநிலைமை என்று நினைத்துக்கொண்டேன்.

"ரெடியா?" என்று உள்ளேயிருந்து குரல்.

"ரெடி!"

முதல் தடவை. ம்ம்ம் என்று இரைந்தது. அந்த இரைச்சலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அதற்கு மேலே அவள் குரல் கதை படித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தலையை ஆட்டினேன். விரலால் தாளம் போட்டேன்.

"டாக்டர், எழுதிக்குங்க. ஒண்ணாவது, டைனமிக். குரல் கொஞ்சம் தட்டை. மூக்கடைச்ச மாதிரி ஒரு சாயல். மேடைக்குச் சரி, கதைக்கு உதவாது."

டாக்டர் எழுதினார்.

இரண்டாம் தடவை. டொக். நெஞ்சில் விழுந்த மாதிரி இருந்தது. ஆனந்தம்!

"கண்டென்சர்! ஆகா! தேன், டாக்டர், தேன்! மூச்சு விடறதுகூடத் தெரியுது. உதடு ஒட்டிப் பிரியறது தெரியுது. நாப்பத்தெட்டு வோல்ட்டுன்னா சும்மாவா?"

மூன்றாம் தடவை. ஒன்றுமே இல்லை. வெறும் குரல்.

"பட்டாணி. பாவம், அதால முடிஞ்சது அவ்வளவுதான். சின்னப் பசங்க பொம்மைக்கு வைக்கலாம். முடிவு சொல்லிட்டேன்: ரெண்டாவதுதான். கண்டென்சர், நாப்பத்தெட்டு வோல்ட், பால்பவுடர் டப்பா. கதவைத் திற!"

கதவு திறந்தது. அவள் ஒரு கையில் பட்டாணி மைக். இன்னொரு கையில் என் ஷேவர்.

"இது எதுக்கு?" என்றேன்.

"முதல் தடவைக்கு. இதை ஓடவிட்டு தலகாணிக்கு அடியில வச்சேன். ம்ம்ம்னு வந்துச்சா?"

நான் ஷேவரையே பார்த்தேன்.

"ரெண்டாவது தடவைக்கு மேஜையில விரலை மடக்கி ஒரு தட்டு. டொக்."

"அப்ப மைக்கு..."

"மூணு தடவையும் இதேதான். பட்டாணி. பட்டன் டப்பா. மத்த ரெண்டு டப்பாவையும் நான் தொடவே இல்ல. நீங்க வச்ச எடத்துலயே இருக்கு, வந்து பாருங்க."

நான் மெதுவாக டாக்டர் பக்கம் திரும்பினேன். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"நேத்து சாயங்காலம் பல் கூசுதுன்னு மேல போனேன்," என்றாள் அவள். "நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவர் திறந்துட்டார்."

"அவங்க பேசற விதம் அப்படி, சவுண்டு. மயக்க ஊசி போட்ட மாதிரி இருந்துச்சு," என்றார் டாக்டர், செருப்பைத் தேடிக்கொண்டே. அவர் படியேறிப் போன சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. தடித்த சத்தம்.

ஹாலில் நாங்கள் இருவர்தான். அசடு வழிய நின்றேன். ஒரே பட்டாணியை மூக்கடைப்பு என்றும், தேன் என்றும், பாவம் என்றும் சொல்லி, சாட்சி வைத்து எழுதியும் வாங்கியிருக்கிறேன்.

அவள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

"அவர் சொன்னது டப்பா விஷயம் மட்டும்தான். காது விஷயம் எனக்கு முன்னாடியே தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"துணி துவைக்கிற மெஷின் வேலை முடிஞ்சா கீச் கீச்னு கத்தும். நீங்க அதுமேல சாஞ்சுக்கிட்டே, இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்னு கேட்டீங்க. போன வருஷம்."

"போன வருஷமா! அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். நீங்க ரூமுக்குள்ளயே நடந்தீங்களே தவிர சொல்லலை."

"பயமா இருந்துச்சு," என்றேன். அது நானா சொன்னேன் என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"தெரியும். அதான் நாளைக்குக் காது டாக்டர்கிட்ட பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கேன்."

"நாளைக்குத்தான் நீ கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய கடைசி நாளாச்சே!"

"அதை அனுப்பி மூணு வாரம் ஆச்சு."

"எதுல பேசி?"

"துணி அலமாரிக்குள்ள போர்வைக்கு நடுவுல உக்காந்துக்கிட்டேன். எதிரொலி இல்லாம இருந்துச்சு. உங்க பட்டன் டப்பாவைத்தான் எடுத்துக்கிட்டேன். நீங்க முதல் வாரம் செஞ்சு ஓரமா வச்சது. அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. பன்னெண்டு புத்தகம் படிக்கச் சொல்லியிருக்காங்க. சத்தம் ரொம்பச் சுத்தமா இருக்கு, சர்க்யூட் யாருதுன்னு கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"எங்க வீட்டுக்காரரோடதுன்னேன். அவர் இன்னும் முடிவு பண்ணலைன்னும் சொன்னேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதே சமயம் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. முட்டினால் அந்தச் சத்தமும் நன்றாகத்தான் கேட்கும் என்று விட்டுவிட்டேன். சாயங்காலத்துக்குள் ஸ்பீக்கர் கட்டிலுக்கு அடியிலும், ஒயர் பரணிலும், சால்டரிங் கம்பி ஸ்பூன்களுக்கு நடுவிலும் திரும்பிப் போய்ச் சேர்ந்தன. பின்னறையில் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு பட்டன் டப்பா.

மறுநாள் காது டாக்டர் ஒரு குழாயை என் காதில் விட்டுப் பார்த்தார். கண்ணாடி அறையில் உட்கார்த்தி வைத்து, சத்தம் கேட்டால் பித்தானை அமுக்கச் சொன்னார். பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மிஷின் பழுது போலிருக்கிறது என்று சொல்லியும் பார்த்தேன். அவர் மேஜைமேல் மூன்று கருவிகளை வரிசையாக வைத்தார். மூன்றும் காதுக்குப் பின்னால் மாட்டுகிற சைஸ்.

எனக்குக் கை பரபரத்தது.

"இதுல உள்ள என்ன மைக்? ஒரு மைக்கா, ரெண்டா? ப்ரீ-ஆம்ப் எப்படி? பேட்டரி எத்தனை வோல்ட்? மூணையும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினா ஒரு மாசம் வச்சுப் பாத்துட்டு..."

"நடுவுல இருக்கறது," என்றாள் என் மனைவி.

மாட்டினார்கள்.

திடீரென்று எங்கே பார்த்தாலும் சத்தம். காகிதம் சரசரத்தது. நாற்காலி கிறீச்சிட்டது. என் சட்டைக்கே ஒரு சத்தம் இருந்தது. அவள், "எப்படி இருக்கு? சொல்லுங்க," என்றாள். அந்தச் 'சொல்லுங்க'வில் முதல் எழுத்து இருந்தது! எத்தனை வருஷமாக அதை நான் உத்தேசமாகவே கேட்டுக்கொண்டிருந்தேனோ. அவள் குரல் இவ்வளவு அழகு என்று அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரிந்தபிறகுதான் எனக்குத் தெரிந்திருக்கிறது. "நல்லா இருக்கு," என்றேன். என் குரல்தான் கேட்கச் சகிக்கவில்லை.

"சத்தத்தைக் கூட்டறது குறைக்கறது எல்லாம் போன்லயே பண்ணிக்கலாம்," என்றார் காது டாக்டர்.

என் போனை எடுத்து நீட்டினேன். பித்தான் வைத்த போன். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். அவள் தன் போனை நீட்டினாள்.

ஒரு வாரம் நிம்மதியாகப் போயிற்று. பிறகு எனக்கு மறுபடியும் கால் நிற்கவில்லை. பின்னறை ஞாபகமாகவே இருந்தது. நேற்றுக் காலை அவள் உள்ளே உட்கார்ந்து மூன்றாவது புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டர் பூனை மாதிரிப் படியிறங்கி வந்தார். செய்த துரோகத்துக்குப் பரிகாரம் செய்ய வந்ததாகச் சொன்னார்.

"சவுண்டு, அந்த ரூமைத் திருப்பி வாங்க அருமையான யோசனை ஒண்ணு இருக்கு," என்று என் காதருகே குனிந்தார்.

"சொல்லுங்க, சீக்கிரம்!"

பின்னறைக்குள் படிக்கிற சத்தம் நின்றது; அவள் போனை எடுத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு டாக்டரின் உதடு மட்டும் அசைந்தது.